சாணித் தொட்டியில் ஏலக்காய் வாசம்

"இந்தாங்க, அடுப்பு சிணுங்குது" என்று அம்மா சொன்னபோது அப்பா அடுப்பைப் பார்க்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டு அடுப்படி ஜன்னலைப் பார்த்தார்.

"அங்க இட்லி வேகுது" என்றார். "ஆவி தெரியுது பாரு."

பக்கத்து வீடு என் சித்தப்பாவுடையது. எங்கள் ஊரான சிலமலையில் இரண்டு வீடுகளுக்கும் நடுவே கொஞ்சம் காலி இடம் உண்டு. பாகம் பிரித்தபோது அதை மட்டும் பொதுவில் விட்டிருந்தார்கள். சாண எரிவாயுத் தொட்டி இருப்பது அங்கேதான். ஊரில் எல்லாருக்கும் அது கேஸ் தொட்டி. செங்கல் கூடு முழுக்க மண்ணுக்குள் புதைந்திருக்கும். மொட்டைத் தலை மாதிரி ஒரு வளைவு மட்டும் வெளியே தெரியும். ஒரு பக்கம் சாணியைக் கரைத்து ஊற்றுகிற குழி, மறுபக்கம் கழிவு வழிந்து வருகிற குழி. உச்சியிலிருந்து கிளம்புகிற குழாய் வேப்பமரத்தடியில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று எங்கள் அடுப்புக்கும் ஒன்று சித்தப்பா வீட்டு அடுப்புக்கும் போகும். காலையில் எங்கள் மாட்டுச் சாணி, சாயங்காலம் அவர்கள் மாட்டுச் சாணி. அதுதான் முறை. கிணற்று மோட்டார் முறையில் அண்ணன் தம்பிக்குப் பேச்சு முறிந்து வெகுகாலம் ஆன பிறகும் சாணி முறை மட்டும் முறியாமல் இருந்தது. முகம் பார்க்காத இரண்டு வீட்டாரும் ஒரே குழியில் கையை விட்டுக் கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அடுப்புதான் இப்போது சிணுங்கியது. நீலமாக நிற்க வேண்டிய தீ நுனியில் மஞ்சளாகி, துடித்து, காப்பித் தண்ணி கொதிக்கும் முன்னே படுத்துவிட்டது.

அப்பா வயல் வேலை தவிர வேறெதற்கும் இவ்வளவு கவனம் செலவழித்து நான் பார்த்ததில்லை. குழாய் நெடுகச் சோப்பு நுரை தடவி எங்காவது குமிழி வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். வரவில்லை. "அப்ப வெளிய போகல. உள்ளதான் யாரோ இழுக்குறாக" என்றார். யாரோ என்றால் யார் என்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வாரமே சித்தப்பா வீட்டு வாசலில் ஒரு சிலிண்டர் வந்து இறங்கியது. புதுசு. சிவப்பு பெயிண்ட் பளபளவென்று இருந்தது. தொட்டி ஓயப் போகிறது என்று முன்னாடியே தெரிந்தவர்கள்தானே சிலிண்டர் வாங்குவார்கள்?

"பாத்தியாடா" என்றார் அப்பா. "தீ வைக்கிறவனுக்குத்தான் தெரியும், எப்பத் தண்ணி எடுத்து வைக்கணும்னு."

மறுநாள் அவர் ஒரு வேலை செய்தார். வேப்பமரத்தடியில் சித்தப்பா வீட்டுக்குப் போகிற குழாயில் ஒரு வால்வு இருந்தது; அதை அகலத் திறந்தால் அந்தப் பக்கம் கேஸ் கூடுதலாகப் போகும். அதன் கைப்பிடியையும் குழாயையும் சேர்த்து ஒரு வெள்ளை நூலால் கட்டினார். யாராவது கைப்பிடியைத் திருப்பினால் நூல் அறுந்துவிடும். என்னிடம் மட்டும் சொன்னார். காலையில் போய்ப் பார்த்தால் நூலைக் காணோம். நூல் இருந்த இடத்தில் திருநீறு பூசியிருந்தது. கீழே, நசுக்கிய எலுமிச்சம்பழம் ஒன்று.

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "கேஸைத் திருடுறதும் இல்லாம மந்திரிச்சும் விட்டுட்டான்டா" என்றார்.

நான் பேச வாயெடுப்பதற்குள் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நான்தாங்க வச்சேன். எவளோ வால்வுல நூல் கட்டிச் செய்வினை வச்சிருந்தா. பாத்ததும் பகீர்னு ஆயிருச்சு. அறுத்து அடுப்புல போட்டுட்டு, பழத்தையும் நசுக்கிட்டேன். நீங்க பயப்படாதீங்க."

எவளோ என்றால் யார் என்று இந்த முறையும் யாரும் கேட்கவில்லை. அது தன் நூல்தான் என்று அப்பா சொல்லவும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது; அவர் முறைத்ததும் அடங்கிவிட்டது.

அதற்கப்புறம்தான் ஹாலோ பிளாக் கல் வந்தது. போடியிலிருந்து ஒரு லோடு. தொட்டிக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவே கொட்டிவிட்டுப் போனார்கள். அந்த இடத்தில் சுவர் எழும்பும், வேப்பமரத்தடிக் குழாயை அறுத்து அடைப்பார்கள், தொட்டி எங்களுடையதாகிவிடும். கொத்தனாரை வளர்பிறையில் வரச் சொல்லியிருந்தார் அப்பா. சுவர் எழும்பிவிட்டால் அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு நல்லது கெட்டதுக்கு நாங்கள் போக முடியாது என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் சுவர் என்பது கல் மட்டுமில்லை. அந்த வீட்டில் கல்யாண வயதில் ஒரு தங்கச்சி எனக்கு இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் முன்வரிசையில் பெரியப்பா உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை என்றால் என்ன சங்கதி என்று தோண்டுவார்கள்.

அப்பா சந்தேகப்பட்டது திருட்டை. எனக்கு அதில் ஒரு இடறல் இருந்தது. திருடினால் கேஸ் குறையலாம், தீ எதற்கு மஞ்சளாகித் துடிக்க வேண்டும்? எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். படித்தது நுண்ணுயிரியல். இப்போது போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் சாம்பிள் பார்க்கிற வேலை. படித்ததற்கும் வேலைக்கும் சம்பந்தம் இல்லை என்று வீட்டில் ஒரு குறை உண்டு. அதனாலேயே இந்தத் தொட்டியை நான் விடவில்லை.

"திருட்டா இருக்காதுப்பா. உள்ள இருக்கிற பூச்சிகளுக்கு ஏதோ ஆயிருக்கு."

"என்ன பூச்சி?"

"கண்ணுக்குத் தெரியாத கிருமி. சாணியைத் தின்னு கேஸ் விடுறது அதுங்கதான்."

"காத்து போகாத எடத்துல உசுரா?" அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு யாருடா சொன்னது, உங்க சித்தப்பனா?"

காற்றில்லாத இடத்தில் எப்படி உயிர் பிழைக்கும் என்று வகுப்பில் முதலில் கேட்டபோது நானும் நம்பவில்லை. பிறகு எனக்கு நானே போடிமெட்டு ஜீப்பை வைத்துச் சொல்லிக்கொண்டேன். மலையிலிருந்து லோடு ஏற்றிவரும் ஜீப்பு கீழே வந்து லோடை இறக்கினால்தான் மறுபடி மேலே போக முடியும். இறக்க இடமில்லை என்றால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும், டிரைவருக்குக் கூலி கிடையாது. உணவைப் பிரித்துச் சக்தி எடுக்கிற எந்த உயிருக்கும் இதே கதைதான். பிரிக்கும்போது கழன்று வருகிற எலக்ட்ரான்களைக் கடைசியில் யார் தலையிலாவது இறக்கியாக வேண்டும். நாம் ஆக்சிஜன் தலையில் இறக்குகிறோம். அது டவுனில் இருக்கிற பெரிய சரக்குக் கிட்டங்கி. தூரம் அதிகம், கூலியும் அதிகம். காற்றில்லாத இடத்தில் வாழ்கிறவற்றுக்கு அந்தக் கிட்டங்கி கிடையாது. வழியிலேயே சின்னச் சின்ன இடங்களில் இறக்கிவிட்டு அரைக் கூலியில் பிழைக்கின்றன. ஒரு கூட்டம் தான் அரைகுறையாகப் பிரித்த உணவின் மேலேயே இறக்கிவிடுகிறது. அதனால் புளிப்பான அமிலங்களும் ஹைட்ரஜனும் மிஞ்சும். இன்னொரு கூட்டம் அந்த மிச்சத்தை எடுத்துத் தின்கிறது. ஹைட்ரஜனைக் கொண்டுபோய்க் கரியமில வாயுவின் தலையில் கட்டுகிறது, வினிகர் மாதிரியான அமிலத்தை உடைக்கிறது. அதில் வெளியே வருவதுதான் மீத்தேன், அடுப்பில் நீலமாக எரிவது. இரண்டாவது கூட்டம் நோஞ்சான். லேசில் சுணங்கிவிடும். அது சுணங்கினால் முதல் கூட்டத்தின் மிச்சம் தேங்கும், தொட்டி புளிக்கும், கடைசியில் முதல் கூட்டமும் படுத்துவிடும். இரண்டுக்கும் ஒரே தொட்டி.

இதையெல்லாம் அப்பாவிடம் இவ்வளவு நீளமாகச் சொல்ல முடியாது. நான் கழிவுக் குழியில் ஒரு குச்சியை விட்டு எடுத்து முகர்ந்தேன். புளித்துப்போன மாவு வாசம். காலேஜ் நாளில் மிஞ்சிய, புளிப்பைக் காட்டும் காகிதத் துண்டு ஒன்றை நனைத்தேன். பச்சைக்கு வர வேண்டியது மஞ்சளிலேயே நின்றுவிட்டது. புளிப்பேதான். ஆனால் புளிப்புக்கு அடியில் இன்னொரு வாசம் இருந்தது. அது எனக்குத் தெரியாமல் போகுமா? காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த வாசத்தில்தான் நான் சோறு தின்கிறேன்.

சாணித் தொட்டியில் ஏலக்காய் எப்படி வந்தது?

எங்கள் வீட்டில் ஏலக்காய் கிடையாது. என் சட்டையில் வருகிற வாசத்தோடு சரி. மலையில் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிற வேலை பார்க்கிறவர் சித்தப்பா. சனிக்கிழமை சாயங்காலம் ஜீப்பில் இறங்குவார், திங்கள் விடியுமுன் ஏறிவிடுவார். வரும்போது எப்போதும் ஒரு சாக்கு கொண்டுவருவார்.

அப்போது என் சந்தேகமும் அப்பாவின் சந்தேகத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்தச் சனிக்கிழமை நான் வெரசாக வேலையிலிருந்து வந்து, பிளாக் கல் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். படித்தவன் செய்கிற காரியமா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் உட்கார்ந்திருந்தேன்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் சித்தப்பா வந்தார். எங்கள் வாசலை ஒருமுறை பார்த்தார். பிறகு குழிப் பக்கம் குனிந்து, சாக்கை அவிழ்த்துக் கவிழ்த்தார். காம்பும் பூமுனையும் தோலுமாக ஏலக்காய்ச் செத்தை. காய்ந்த காயை உரசும்போது உதிர்வது. சாணிக் கரைசலில் அதைப் போட்டு, முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினார்.

"என்ன சித்தப்பா பண்றீங்க?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஐயோ, அப்புவா... மெதுவாப் பேசுடா. உங்கப்பன் காதுல விழப்போகுது."

"எத்தனை நாளா இது?"

"கொஞ்ச நாளாத்தான். சாரமில்லடா, வாசமான பண்டந்தானே?" மலையில் இருந்து இருந்து அவர் பேச்சில் மலையாளம் ஒட்டியிருந்தது; பரவாயில்லை என்பதை அப்படித்தான் சொல்வார். "தங்கச்சியைப் பாக்க மொத தடவை வந்தாகல்ல, அந்த அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டே உக்காந்திருந்துச்சு. ஒரு வாய்த் தண்ணி குடிக்கலடா. சாணி நாத்தம் அடிக்கிற வீட்டுலயான்னு போற வழியிலேயே பேசுனாகளாம். இப்பத் தேவாரம் ஊருல இருந்து ஒரு எடம் வருது. அதான் செத்தையப் போட்டா நாத்தம் அமுங்குமேன்னு..."

"அப்ப சிலிண்டரு?"

"வர்றவுகளுக்குச் சமைக்க வேணாமா? தொட்டிதான் மக்கர் பண்ணுதே, இட்லியே விறகுலதான் அவிச்சோம். உங்க வீட்டுல நல்லா எரியுதா?"

அவர் கேட்டதில் ஒரு குத்தல் இருந்தது. அவர்களும் எங்களைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

ஏலக்காய் வாசம் வருவது அதிலிருக்கிற எண்ணெயால். மனுசனுக்கு மணம், கிருமிக்கு நஞ்சு. வாயில் போட்டால் வாய்நாற்றம் போவதும் கொஞ்சம் அதனால்தான். அதைச் சொன்னேன். சித்தப்பா கையிலிருந்த சாணியோடு அப்படியே குந்திவிட்டார்.

"அப்ப நான்தான் கெடுத்துட்டேனா? அண்ணன்ட்டச் சொல்லிறாதடா. வேணும்னே பண்ணுனேன்னுதான் சொல்லுவாரு."

சொல்லாமல் இருக்க வழியில்லை. தொட்டியைத் தேற்ற வேண்டுமென்றால் இரண்டு வீடும் கொஞ்ச நாள் சாணி போடாமல் நிறுத்த வேண்டும். ஏன் என்று அப்பா கேட்பார். சுவர் எழும்புகிற நேரத்தில் பொய் சொல்லிப் பிடிபட்டால், அது சுவரில் இன்னொரு வரிசைக் கல். மறுநாள் காலையில் இரண்டு பேரையும் தொட்டி முன்னால் நிறுத்திச் சொல்லிவிட்டேன்.

அப்பா சித்தப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். "வாசத்துக்குப் போட்டானாம். நீயும் கேட்டுக்கிட்டு வந்து சொல்ற. காத்தில்லாம உசுரு வாழுதுங்கிற, அதே உசுரு ஏலக்காய் வாசம் பட்டாச் சாகுதுங்கிற. எதைடா நான் நம்புறது?"

"சோதிச்சுப் பாத்துறலாம்பா."

"யாரு சோதிக்கிறது? நீயா? ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு என்னைய ஏய்க்கவா?"

"நீங்களே சோதிங்க."

அதில் விழுந்துவிட்டார். ராசிங்காபுரத்தில் என்னோடு படித்தவன் வீட்டில் நன்றாக எரிகிற தொட்டி ஒன்று இருந்தது. அங்கே போய் ஒரு கேன் கழிவை வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாம் மூக்கைப் பிடித்தார்கள். இரண்டு தண்ணி பாட்டில், இரண்டு பலூன். "ரெண்டும் ஒரே கலரா வாங்கு. கலர்ல ஏதாச்சும் வித்தை வச்சிருப்ப" என்றார் அப்பா. பாட்டில்களை அவரே கழுவினார், அவரே கழிவை ஊற்றினார். ஒன்றில் மட்டும் அவரே செத்தையைப் போட்டார். வாயில் பலூனை மாட்டி நூலால் இறுக்கிக் கட்டினார், வால்வில் கட்டிய அதே வெள்ளை நூல். எது எது என்று அடியில் கரியால் ஒரு குறி போட்டு, எங்களுக்குக் காட்டாமல், தன் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டார். கொத்தனாருக்குப் போன் போட்டு, "கொஞ்சம் பொறுப்பா, ஒரு பரிச்சை நடக்குது" என்றார்.

வீட்டில் யாரும் அந்தக் கட்டில் பக்கம் போக முடியவில்லை. அம்மா கூட்டப்போனால் துடைப்பத்தைப் பிடுங்கினார். சித்தி வாசலில் நின்று எட்டிப் பார்த்தபோது போர்வையை இழுத்து மறைத்தார். "முட்டை அடை வச்சிருக்காரா அக்கா?" என்று சித்தி அம்மாவிடம் கேட்டதும், வெகுநாள் கழித்து அம்மா அவளோடு சேர்ந்து சிரித்ததும் எனக்குக் கேட்டது.

ஒரு பலூன் மெல்ல மெல்ல எழுந்து, மாங்காய் அளவுக்கு உப்பி நின்றது. இன்னொன்று கொஞ்சம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் துவண்டு தொங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா இரண்டையும் வெளியே எடுத்துவந்து கவிழ்த்துக் கரிக்குறியைப் பார்த்தார். துவண்டது செத்தை போட்டது.

சித்தப்பாவும் வந்து நின்றிருந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"சரி" என்றார் அப்பா. "செத்தைதான் கெடுத்துச்சு. ஒத்துக்கிறேன். அவன் தெரியாமத்தான் போட்டான்னு எந்தப் பலூன்டா சொல்லும்?"

நான் படித்த எதிலும் அதற்கு ஒரு காகிதத் துண்டு கிடையாது.

சித்தப்பாதான் பேசினார். "எம்மக மேல சத்தியமாண்ணே. அவளுக்காகத்தான் போட்டேன்."

அப்பா பாட்டில்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொத்தனாரை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வரச் சொல்லவும் இல்லை. ஆனால் தொட்டியைத் தேற்ற நான் சொன்னதற்கெல்லாம் இசைந்தார். சாணி நிறுத்தினோம். புளித்த கரைசலில் பாதியை வாளி வாளியாக மொண்டு வயல் ஓரம் கொட்டினோம். கொஞ்சம் சுண்ணாம்பு கரைத்து விட்டோம். ராசிங்காபுரத்திலிருந்து டிரம்மில் கழிவு கொண்டுவந்து ஊற்றினோம். அண்ணன் மொள்ள, தம்பி தூக்க, இரண்டு பேரும் என்னிடம் மட்டுமே பேசினார்கள். "சின்னவனைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு." "அண்ணன்ட்ட வாளியை முழுசா நெப்ப வேணாம்னு சொல்லு." நடுவில் நின்று நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன்.

தேவாரத்தார் வருவதாகச் சொன்ன தேதி தள்ளிப்போனது. யானை இறங்கி அவர்கள் சோளக்காட்டை மிதித்துவிட்டதாம். அந்த யானைக்கு நான் கும்பிடு போட வேண்டும். அவர்கள் வருவதற்குள் அடுப்பில் தீ நிமிர ஆரம்பித்திருந்தது. ஆனால் புதுக் கழிவு ஊற்றியதில் தொட்டி முன்பைவிட நாறியது.

அவர்கள் வந்த அன்று காலையில் அப்பா வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். யாரும் கூப்பிட்ட மாதிரி தெரியவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருக்க மாட்டாரோ என்னவோ. நேரே சித்தப்பா வீட்டுக்குள் போய் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். சித்தி சிலிண்டர் அடுப்பில் காப்பி போடப் போனபோது, "அதுல வேணாம். தொட்டி அடுப்புல போடு" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா மூக்கைச் சுளித்தது எல்லாருக்கும் தெரிந்தது. சித்தப்பா வேர்த்துப்போய் என்னைப் பார்த்தார்.

"என்ன தாயி, நாத்தமா?" என்றார் அப்பா சத்தமாக. "எங்க மாட்டுச் சாணிதான். ரெண்டு வீட்டுச் சாணியும் ஒரு தொட்டியில கெடக்குது. இந்தக் காப்பி அதுலதான் போட்டது. குடிச்சுப் பாருங்க, நாத்தம் அதுக்குள்ள வந்திருந்தாச் சொல்லுங்க."

அந்த அம்மா அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். தம்ளரை எடுத்து முகர்ந்தார். குடித்தார். பிறகு, "எங்க வீட்டுல மாடு இல்லாத நாளே கெடையாது, நாங்க என்ன நாத்தம் பாக்காதவுகளா?" என்று சொல்லிச் சிரித்தார். மத்தியானம் அவர்கள் கைநனைத்துவிட்டுத்தான் போனார்கள். சம்மதம் இல்லாமல் எங்கள் பக்கம் யாரும் பெண் வீட்டில் சோற்றில் கை வைக்க மாட்டார்கள்.

பிளாக் கல் அங்கேயேதான் கிடக்கிறது. திருப்பி அனுப்பவும் இல்லை, கட்டவும் இல்லை. அதன்மேல் இப்போது இரண்டு வீட்டுத் துணியும் காய்கிறது.

அதற்கடுத்த சனிக்கிழமை சித்தப்பா ஜீப்பில் இறங்கி, தன் வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பா உட்கார்ந்திருந்தார். சித்தப்பா தோளிலிருந்த சாக்கை அவர் காலடியில் தலைகீழாகக் கவிழ்த்தார். பலாக்கொட்டையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் உருண்டன.

"நல்லாப் பாத்துக்கங்கண்ணே. செத்தை இல்ல."

அப்பா பலாக்கொட்டையைக் காலால் விலக்கிப் பார்த்தார். பிறகு, மோட்டார் முறைத் தகராறுக்கு அப்புறம் முதல்முறையாக, தம்பியின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"சாக்கோட மூலையையும் உதறு."